ரியோ கார்னிவலுக்கு முதல்முறை போகிறீர்களா? அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்

பிரேசில் கார்னிவல் என்றால் இறகுக் கிரீடம், மினுமினுக்கும் உடை, மாடி உயரத்துக்கு ஒரு தேர். டிவியில் பார்த்தது அவ்வளவுதான். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் 2024 பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோவில் போய் இறங்கினேன். முதல் இரண்டு நாளும் வீண். பத்து மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தால் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு பையன் பெரிய முரசைத் தோளிலிருந்து கழற்றி நடைபாதையில் வைத்துவிட்டு, அதன்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. தேர் ஊர்வலம் ராத்திரி நேரச் சமாசாரம். மிச்சக் கார்னிவல் முழுக்க விடிகாலையில், குடியிருப்புத் தெருக்களில், டிக்கெட் இல்லாமல் நடக்கிறது. 2025-ல் மறுபடி போனபோது அலாரத்தோடு போனேன்.

முதலில் தேதி, அப்புறம் ஊசி

கார்னிவல் செவ்வாய் ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும். அதனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2027-ல் பிப்ரவரி 9, 2028-ல் பிப்ரவரி 29. அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வெள்ளிக்கிழமை மேயர் நகரத்தின் சாவியை மோமோ ராஜா என்ற கார்னிவல் அரசரிடம் ஒப்படைப்பார். செவ்வாய்க்கு மறுநாள், திருநீற்றுப் புதன் மதியம், வங்கிகள் திறக்கும். கணக்குப்படி இவ்வளவுதான் விழா. ஆனால் தெருக் கொண்டாட்டங்கள் பல வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். லீவு கிடைத்தால், விழாவுக்கு முந்தைய வார இறுதியிலேயே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். அறை வாடகையும் குறைவு, காலும் பழகிவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அதை யாரும் மறப்பதில்லை. மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசியை. ‘பிரேசில்காரர்கள் கேட்பதில்லையாமே’ என்று விட்டுவிடுகிறார்கள். கேட்கப்போவது நம் ஊர் விமான நிலையம். பிரேசில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால், அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியா வருகிறவர் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமை முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்க. எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். நாள், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுங்கள்.

கொசு என்றதும் டெங்குவும் ஞாபகம் வரட்டும். விழா நடப்பது அங்கே கோடை மழைக்காலத்தில். 2024-ல் கார்னிவலுக்குச் சில நாள் முன்புதான் ரியோ மாநகராட்சி டெங்கு அவசரநிலை அறிவித்தது. கொசு விரட்டிக் களிம்பை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். பெரும்பாலும் சாவோ பாவ்லோவில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேர உள்நாட்டு விமானம். நமக்கும் அவர்களுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம், அவர்கள் பின்னால். தூக்கம் கெட்டுப்போய் முதல் சில நாள் அதிகாலை நான்குக்கே விழிப்பு வரும். கார்னிவலுக்கு அது வரப்பிரசாதம்.

எங்கே தங்குவது

கோபகபானா, இபனேமா கடற்கரைப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நல்ல இடம்தான், விலையும் அப்படி. நான் இரண்டாம் முறை தங்கியது கத்தேத்தி பகுதியில். குளோரியா, கத்தேத்தி, ஃப்ளமெங்கோ, பொட்டாஃபோகோ, இந்த நான்கில் எதுவானாலும் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விழா நாட்களில் பாதிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். செயலியில் கார் பிடித்தால் மூன்று மடங்கு கட்டணம் காட்டிவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி வந்து நிற்கும். மெட்ரோதான் கைகொடுக்கும். கார்னிவல் நாட்களில் அது இரவு முழுக்க ஓடும், கூட்டத்துக்காகச் சில நிலையங்களை மட்டும் மூடுவார்கள். வங்கி அட்டையை நுழைவாயிலில் தொட்டாலே கதவு திறக்கும். சாந்தா தெரேசா குன்று படங்களில் அழகாக இருக்கும், ஆனால் கார்னிவலில் அங்கே தங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டியிருக்கும்.

தனி வீடானாலும் விடுதியானாலும் இந்த வாரத்துக்கு நான்கைந்து இரவுகள் சேர்த்துத்தான் தருவார்கள். ஆறு மாதம் முன்பே பிடித்துவிடுவது நல்லது.

இரண்டு சின்ன விஷயம். பிளக் அங்கே மூன்று உருண்டை முள், நம்முடையது பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ரியோவில் மின்சாரம் 127 வோல்ட். போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் நான் ஆசையாகக் கொண்டுபோன கெட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்முன் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தேன்.

கொஞ்சம் போர்த்துகீசியம், பாதி ஏற்கெனவே தெரியும்

ஆங்கிலத்தை நம்பிப் போகாதீர்கள். ஆனால் பயப்படவும் வேண்டாம். முதல் நாள் வீட்டுக்கார அம்மா அறையைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: ‘ஷாவி’, ‘ஜனேலா’, ‘மேஸா’, ‘அர்மாரியு’. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி! நானூறு ஆண்டுக்கு முன் கடல் கடந்து நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்ட சொற்கள். பதிலுக்கு நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். ஜூஸ் கடையில் ‘மாங்கா’ என்று கேளுங்கள், மாம்பழச் சாறு வரும்.

ரியோக்காரர் பேச்சில் சில வளைவுகள் உண்டு. சொல்லின் முதலில் வரும் ‘ர’ அவர்கள் வாயில் ‘ஹ’ ஆகும்: ரியோவை ‘ஹியூ’ என்பார்கள், காசு ‘ஹெயாவ்’. (நான் இங்கே ரெயால் என்றே எழுதுகிறேன். 2025-ல் ஒரு ரெயால் 15 ரூபாயை ஒட்டி இருந்தது.) ‘தி’ என்று எழுதியிருப்பது ‘ஜி’ என்று ஒலிக்கும், காலை வணக்கம் ‘போங் ஜியா’. நன்றி சொல்ல ஆண்கள் ‘ஓப்ரிகாடு’, பெண்கள் ‘ஓப்ரிகாடா’. கூட்டத்தில் வழி கேட்க ‘லிசென்சா’. விலை கேட்க ‘குவாந்து எ?’ கழிவறை ‘பன்யேய்ரு’. இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பணமும் போனும்

இளநீர்க்காரரிடம்கூட அட்டை இயந்திரம் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் மத்திய வங்கி 2020-ல் கொண்டுவந்த ‘பிக்ஸ்’ வழியாக அனுப்புகிறார்கள், நம் யுபிஐ மாதிரி. நமக்கு அட்டையும் கொஞ்சம் சில்லறை நோட்டும் போதும். அட்டையைத் தட்டும் முன் இயந்திரத் திரையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். திரை கீறல் விழுந்து தெரியவில்லை என்றால் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். 8 ரெயால் தண்ணீருக்கு என்னிடம் 80 எடுத்துவிட்டார் ஒருவர். மூன்று தெரு தள்ளி வந்தபிறகுதான் குறுஞ்செய்தியைப் பார்த்தேன்.

கூட்டத்தில் போன் போகும். ‘போகலாம்’ என்று நினைத்துத் திட்டமிடாதீர்கள், போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில்காரர்களே கார்னிவலுக்கு ஒரு பழைய போனைத்தான் எடுத்து வருகிறார்கள். ‘திருடனுக்கான போன்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஒன்றைக் கொண்டுபோய், ஒரு காலையில் பின் பாக்கெட்டோடு பறிகொடுத்தேன். வருத்தமே இல்லை. உள்ளாடைக்குள் கட்டிக்கொள்ளும் மெல்லிய துணிப்பை ஒன்று விற்பார்கள், ‘டொலேய்ரா’ என்று பெயர். ஒரு அட்டை, கொஞ்சம் பணம், கடவுச்சீட்டின் நகல், எல்லாம் அதற்குள். அசல் கடவுச்சீட்டு அறையில் பூட்டிக் கிடக்கட்டும். யாராவது மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். காவல்துறைக்கு 190, ஆம்புலன்சுக்கு 192. ஆளில்லாத தெருவில் ராத்திரி நடக்காதீர்கள். நகர மையம் பகலில் அலுவலகங்களால் நிரம்பி வழியும், ஊர்வலம் போனபின் சட்டென்று வெறிச்சோடிவிடும்.

காலை ஏழு மணி

தெரு ஊர்வலக் குழுவுக்கு ‘ப்ளோக்கு’ என்று பெயர். ஒரு வாத்தியக் கோஷ்டி, அதற்குப் பின்னால் வரும் எல்லோரும், அவ்வளவுதான் ப்ளோக்கு. உறுப்பினர் அட்டை, நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது; பின்னால் நடக்க ஆரம்பித்தால் நீங்களும் அதில் ஒருவர். மாநகராட்சி முன்கூட்டியே பட்டியல் வெளியிடும்: பெயர், தெரு, கூடும் நேரம். நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். நான் மூன்றுக்கு ஆசைப்பட்டு ஒன்றையும் உருப்படியாகப் பார்க்காத நாளும் உண்டு.

எதைத் தேர்வு செய்வது? 1918-ல் தொடங்கிய போலா ப்ரேட்டா மிகப் பழையது. சனிக்கிழமை காலை நகர மையத்தில் வெள்ளை உடையில் கறுப்புப் புள்ளி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் வருவார்கள். ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வெயில் ஏறும்முன் கிளம்பிவிடுங்கள்; நடுவில் மாட்டினால் கால் தரையில் படாது. பீட்டில்ஸ் பாட்டுகளைச் சம்பா என்ற பிரேசில் இசையின் தாளத்தில் வாசிக்கும் ஒரு ப்ளோக்கு ஃப்ளமெங்கோ பூங்காவில் உண்டு, அங்கே காற்றாட நிற்கலாம். என் மனதுக்குப் பிடித்தது சாந்தா தெரேசா குன்றின் கார்மெலிட்டாஸ். அங்கே கார்மேல் கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. கார்னிவல் ஆசையில் ஒரு கன்னியாஸ்திரி வெள்ளிக்கிழமை சுவரேறிக் குதித்து வெளியே வந்துவிடுகிறாராம், செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடுகிறாராம். அதனால் இந்த ப்ளோக்கு வெள்ளியும் செவ்வாயும் மட்டும் புறப்படும். தாடி வைத்த ஆண்கள், தாத்தாக்கள், கைக்குழந்தை என எல்லோர் தலையிலும் கன்னியாஸ்திரி முக்காடு.

குறுகலான கல் பாவிய தெரு. பித்தளைக் குழல்கள் முதலில் கேட்காது. முரசுதான் வயிற்றில் வந்து இறங்கும். மேலே ஜன்னலில் ஒரு பாட்டி தோட்டக் குழாயை நீட்டிக் கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார், கீழே எல்லோரும் கைதூக்கிக் கும்பிடாத குறை. பிப்ரவரி ரியோவில் 35 டிகிரிக்கு மேல் போகும் வெயில், அந்தத் தண்ணீர் அமிர்தம். என் கையிலிருந்த காலி கேனை ஒருவர் கண்ணாலேயே கேட்டு வாங்கி, காலால் நசுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார். ஊர்வலம் போன பத்தாவது நிமிடம் தெருவில் ஒரு அலுமினிய கேன்கூட மிஞ்சாது. பிரேசிலில் விற்கும் கேன்கள் ஏறத்தாழ எல்லாமே மறுசுழற்சிக்குப் போவது இவர்களால்தான்.

வேடம் கட்டாயம் இல்லை. ஆனால் முதல் நாள் சாதா டி-ஷர்ட்டில் போய் நின்றபோது, கல்யாண வீட்டுக்குத் தணிக்கை பண்ண வந்தவன்போல இருந்தது எனக்கு. உருகுவாயானா மெட்ரோவில் இறங்கினால் சாரா என்ற கடைத்தெருக் கூட்டம் வரும். சிரிய, லெபனான், யூதக் குடியேறிகள் வளர்த்த சந்தை அது. கொம்பு, இறக்கை, ஜிகினா, தலைப்பட்டை எல்லாம் மலிவு. பழங்குடியினர் இறகுத் தலைக்கவசம் மட்டும் வேண்டாம், அதை வேடமாகப் போடுவதை அங்கே பலர் இப்போது ஏற்பதில்லை. காலுக்கு மூடிய ஷூ. செருப்பில் போனால் உடைந்த கண்ணாடியும் அடுத்தவர் பாதமும் மிச்சம் வைக்காது.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். அப்புறம் கழிவறை. வழியெங்கும் நீல, பச்சைப் பெட்டிக் கழிவறைகள் வைத்திருப்பார்கள். காலை எட்டுக்கு நன்றாக இருக்கும், பதினொன்றுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சுவரோரம் ஒதுங்கினால் அபராதம், ஆட்களை நிறுத்திப் பிடிக்கிறார்கள். பக்கத்து பாரில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, ஆண்களுக்கு அதைவிட முக்கியமாக. ‘நாவ்ன் எ நாவ்ன்’, வேண்டாம் என்றால் வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் பச்சைகுத்து மாதிரி இதைக் கைகளில் போட்டுக்கொண்டு வருவார்கள். 2023-ல் இதே பெயரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. சம்மதம் இல்லாமல் தொடுவதும் முத்தமிடுவதும் அங்கே குற்றம்.

சாப்பாடு

பிரேசிலில் ‘கார்னி’ என்றால் மாட்டிறைச்சி. ‘கார்னி வேண்டாம்’ என்று சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவந்து அன்பாக வைப்பார்கள். கோழி, மீன், ஹாம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ‘நெங் ஃப்ராங்கு, நெங் பேய்ஷி, நெங் ப்ரெசுந்து’. கறுப்பு பீன்ஸ் பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே பன்றிக்கொழுப்பு கிடக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சைவர்களுக்கு அடைக்கலம் ‘கிலோ’ உணவகம். தட்டில் வேண்டியதை எடுத்துத் தராசில் வைத்தால் எடைக்கு விலை. சோறு, பீன்ஸ், மரவள்ளிக் கிழங்கு, கீரை, நம் சௌசௌகூட உண்டு, அங்கே அதன் பெயர் ‘ஷுஷு’. தரும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், வெளியே போகும்போது அதை வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். நகர மையத்துக் கிலோ கடைகள் பல விழா நாட்களில் மூடிவிடும். குடியிருப்புப் பகுதிகளில் தேடுங்கள்.

ஊர்வலம் முடிந்த மதியத்துக்குக் கடற்கரை. இரண்டு தோளிலும் தகர உருளைகள் தொங்க ஒருவர் வருவார்: ஒன்றில் குளிர்ந்த ‘மாச்சி’ தேநீர், மற்றதில் எலுமிச்சைச் சாறு. இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்து தருவார். கூடவே காற்றாய்க் கரையும் மரவள்ளி மாவு வளையங்கள். இளநீர் குடித்து முடித்தபின் காயை நீட்டினால் வெட்டித் தருவார்கள், வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிடலாம். அலை இழுப்பு அதிகம். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்காதீர்கள்.

அந்த ஒரு ராத்திரி

தேர் ஊர்வலம் நடக்கும் இடம் சம்பாத்ரோமு. கட்டடக் கலைஞர் ஓஸ்கார் நீமையர் வடிவமைத்து 1984-ல் திறந்தது, ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் படிக்கட்டு எழுப்பிய ஒரு தெரு. போட்டியின் முதல் பிரிவில் 12 சம்பா பள்ளிகள். ‘பள்ளி’ என்றாலும் பாடம் நடத்தும் இடமில்லை. ஒவ்வொன்றும் ஒரு பேட்டையின் சங்கம். 2025-லிருந்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று இரவுகள், இரவுக்கு நான்கு பள்ளிகள். வெள்ளியும் சனியும் இரண்டாம் பிரிவு. அதற்கு டிக்கெட் மலிவு, உற்சாகத்தில் குறைவில்லை. குறைந்த பட்ஜெட்டில் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

காசே செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. விழாவுக்கு முந்தைய வார இறுதிகளில் பள்ளிகள் இதே தெருவில் ஒத்திகை பார்க்கும், அனுமதி இலவசம். தேரும் முழு வேடமும் இருக்காது. பாட்டு, முரசு, ஆட்டம் மூன்றும் இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது படிக்கட்டுப் பகுதியின் எண்ணைப் பாருங்கள். இரட்டைப்படை எண் என்றால் ப்ராசா ஒன்சி மெட்ரோ, ஒற்றைப்படை என்றால் சென்ட்ரல். மாறி இறங்கினால் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும். 9, 11 எண் பகுதிகள் அருகே முரசுக் குழு வரிசையை விட்டு ஒதுங்கி நிற்கும் இடம் இருக்கிறது. காது தாங்கும் என்றால் அங்கே உட்காருங்கள். இருக்கை சிமெண்டுப் படி, ஒரு சின்ன மெத்தை கொண்டுபோங்கள். கண்ணாடி பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள். மழைக்குக் குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் கோபிப்பார்; பிளாஸ்டிக் அங்கி போதும்.

போகும்முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஆண்டுப் பாடல்களைப் பள்ளிகள் பல மாதம் முன்பே வெளியிட்டுவிடும். ஒரு பள்ளியைத் தேர்ந்து அதன் பல்லவியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். வாயசைத்தால் போதும், பக்கத்திலிருப்பவர் தோளில் கை போட்டுவிடுவார்.

தேர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமானதைத் தவறவிடுவீர்கள். கொடி ஏந்திச் சுழலும் பெண்ணையும் அவளைச் சுற்றி ஆடும் ‘மெஷ்ட்ரி சாலா’வையும் பாருங்கள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டக் கூடாது, கொடி சுருளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அடுத்து பையானாக்கள். பெரும்பாலும் வயதான பெண்கள், வளையம் வைத்த அகலப் பாவாடையில் மெல்லச் சுற்றிக்கொண்டே நகர்வார்கள். இவர்கள் இல்லாமல் எந்தப் பள்ளியும் போட்டியிட முடியாது. பின்னால் இருநூற்றுச் சொச்சம் பேர் கொண்ட முரசுக் குழு. அதை நடத்துகிறவர் பெயர் ‘மெஷ்ட்ரி’. நம் மேஸ்திரி அங்கே கையில் விசிலோடு நிற்கிறார். அவர் ஒரு விரலைத் தூக்கினார். அத்தனை முரசும் ஒரே நொடியில் நின்றது. பல்லாயிரம் பேர் தாளம் இல்லாமல் பாடினார்கள். விரல் இறங்கியது, முரசு திரும்ப வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கையில் மூன்று நாள் கூடுதலாக இருந்தால்

பிரேசிலின் இன்னொரு கார்னிவல் நகரமான சால்வடோருக்குப் போங்கள். அங்கே ‘காந்தியின் பிள்ளைகள்’ என்று ஒரு குழு இருக்கிறது. காந்தி கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1949-ல், துறைமுகச் சுமைத் தொழிலாளர்கள் தொடங்கியது. ஆண்கள் மட்டும்; வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமாய் மணிமாலை. லாவண்டர் தைலத்தைத் தெளித்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் நடந்து வருவார்கள். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று நீங்கள் சொன்னால் மாலை ஒன்று கழுத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

புதன்கிழமை கிளம்பிவிடாதீர்கள்

பலர் செவ்வாய் நள்ளிரவு விமானம் பிடிக்கிறார்கள், தப்பு. திருநீற்றுப் புதன் பிற்பகலில் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், டிவியில் நேரலை. ஒரு பேட்டை பாரில் உட்கார்ந்துவிடுங்கள். 2025-ல் நான் இருந்த பாரில் ஒரு முதியவர் நாப்கினில் தசமப் புள்ளியோடு கூட்டிக்கொண்டே வந்தார். ‘டெஸ்!’ என்று பத்து விழுந்தால் மேசையில் அடி, 9.9 என்றால் நடுவரின் தாயார் வரை வசவு. அந்த ஆண்டு வென்றது பெய்ஜா ஃப்ளோர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்தப் பள்ளிக்குப் பாடிய நெகீன்யு விடைபெற்ற ஆண்டும் அதுதான். நாப்கின்காரர் வேறு பள்ளியின் ஆள், இருந்தும் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆறு பள்ளிகள் மறுபடி வருவார்கள். போட்டி இல்லாததால் எல்லோர் முகத்திலும் சிரிப்பு, டிக்கெட்டும் போட்டி இரவுகளைவிட விலை குறைவு. விமானத்தை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டுக்கொண்டால் இதையும் பார்த்துவிடலாம்.

ஜிகினா சோப்புக்கு அசையாது, தேய்த்தால் தோல்தான் உரியும். ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள். தடவி, ஐந்து நிமிடம் விட்டு, பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். காதுமடலுக்குப் பின்னால் மட்டும் இன்னும் இரண்டு வாரம் இருக்கும்.